கோவணத்துக்காகப் பூனை வளர்த்த தீவு

1598 செப்டம்பரில், கிழக்கே போய் மிளகும் கிராம்பும் அள்ளி வரலாம் என்று புறப்பட்ட டச்சுக் கப்பல் கூட்டம் புயலில் சிதறியது. அதில் ஐந்து கப்பல்கள் இந்தியப் பெருங்கடலின் நடுவே ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கின. அரபு மாலுமிகளும் போர்த்துக்கீசியரும் அதற்கு முன்பே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் பாய் விரித்துப் படுக்கவில்லை. டச்சுக்காரர்கள் இறங்கியதும் முதல் வேலையாகத் தங்கள் இளவரசர் மாரிட்ஸின் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள். அப்படித்தான் அது மொரீஷியஸ் ஆயிற்று. இரண்டாவது வேலையாக அடுப்பு மூட்டினார்கள்.

அடுப்படிக்கு வந்தது டோடோ. பரம்பரை பார்த்தால் அது ஒரு புறா. எந்தக் காலத்திலோ கிழக்கிலிருந்து பறந்து வந்து இறங்கிய புறா, சுற்றுமுற்றும் பார்த்தது. பூனை இல்லை, நரி இல்லை. பாலூட்டி என்று சொல்ல வௌவாலைத் தவிர யாரும் இல்லை. பழம் தானாகவே தரையில் விழுகிறது. பிறகு எதற்கு மெனக்கெட்டுப் பறப்பது? தலைமுறை தலைமுறையாக இப்படி உட்கார்ந்து சாப்பிட்டதில் இறக்கை சுருங்கியது, உடம்பு பெருத்தது, ஒரு மீட்டர் உயரத்துக்கு வளர்ந்தது. ஆளைக் கண்டால் ஓடவேண்டும் என்ற பாடம் அதன் பள்ளிக்கூடத்தில் இல்லை.

டோடோவை டச்சுக்காரர்கள் தின்றே தீர்த்தார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். கொஞ்சம் அநியாயமான குற்றச்சாட்டு. அந்தக் கப்பல்காரர்கள் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்தால், வேகவைக்க வேகவைக்கக் கறி இன்னும் விறைத்துக்கொண்டது என்று புலம்பியிருக்கிறார்கள். நெஞ்சுக்கறியும் வயிற்றுப்பகுதியும் பரவாயில்லையாம். பக்கத்திலேயே சின்னப் புறாக்கள் மந்தை மந்தையாக, இளசாக, கையால் பிடிக்கத் தோதாக உட்கார்ந்திருக்கும்போது இதை யார் மெல்லுவது? தவிர, டச்சுக் குடியேற்றம் என்பது எந்தக் காலத்திலும் சில நூறு பேரைத் தாண்டவில்லை. சில நூறு பேர் சேர்ந்து ஒரு தீவின் டோடோ முழுவதையும் வயிற்றுக்குள் தள்ள முடியாது.

வேலையை முடித்தவர்கள் கூட வந்தவர்கள். கப்பலில் எலி வந்தது, டிக்கெட் வாங்காமல். பன்றியையும் ஆட்டையும் வேண்டுமென்றே இறக்கினார்கள், திரும்பி வரும்போது கறிக்கு ஆகுமே என்று. ஜாவாப் பக்கத்துக் குரங்கும் வந்து சேர்ந்தது. அதை எதற்குக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் குரங்குக்கே தெரியாது. டோடோ தரையில் முட்டையிடுகிற ஜாதி. எலிக்கும் பன்றிக்கும் குரங்குக்கும் அது பரிமாறிவைத்த பந்தி.

1662-ல் கப்பல் உடைந்து அங்கே ஒதுங்கிய வோல்கெர்ட் எவர்ட்ஸ் என்பவர், கரையோரத் திட்டு ஒன்றில் மிச்சமிருந்த டோடோக்களைப் பார்த்தார். அவருடைய ஆட்கள் ஒன்றின் காலைப் பிடித்தார்கள். அது கத்தியது. கத்தலைக் கேட்ட மற்ற டோடோக்கள் ஓடி ஒளியவில்லை. “என்னப்பா ஆச்சு?” என்று உதவிக்கு ஓடி வந்தன. வந்தவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். கூட வேலைபார்ப்பவனுக்கு ஒன்று என்றால் திரண்டு வந்து நிற்கிற குணம் தொழிற்சங்கத்துக்கு நல்லது, சமையல்காரனுக்கு அதைவிட நல்லது. டோடோவை உயிரோடு கண்டதாகப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கடைசிச் சாட்சியம் இதுதான். நூறு வருடம் கழித்து, 1766-ல், சுவீடனில் உட்கார்ந்தபடி லின்னேயஸ் அதற்கு எழுதிய அறிவியல் பெயரில் உதவாக்கரை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைச் சேர்த்தார். செத்தவனுக்குக் கொடுத்த நடத்தைச் சான்றிதழ்.

எலி மட்டும் நன்றாக வாழ்ந்தது. 1638-ல் முறையாகக் குடியேறிய டச்சுக்காரர்கள் கருங்காலி மரத்தை வெட்டி ஏற்றினார்கள். மறுவருடம் ஜாவாவிலிருந்து கரும்பும் மானும் கொண்டுவந்தார்கள். விதைத்ததை எலி தின்றது, எலி விட்டதைப் புயல் தின்றது. 1658-ல் மூட்டை கட்டினார்கள், 1664-ல் திரும்ப வந்தார்கள், 1710-ல் ஒரேயடியாகக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். உலக வணிகத்தையே ஆட்டிவைத்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் துரத்தியதில் எலிக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தப் பெருமையை எந்த ராஜாவும் எலியிடமிருந்து பிடுங்க முடியாது.

அடுத்து பிரெஞ்சுக்காரர்கள். 1735-ல் கவர்னராக வந்த லா பூர்தொனே ஊரைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார், தச்சர் என்று கைவினைஞர்களை வரவழைத்தார். தலைநகர் போர்ட் லூயிஸின் பழைய கல் கட்டடங்களில் நம்மவர்களின் கைரேகை இப்படித்தான் ஏறியது. அடுத்து நம்மூர் மைனாவும் போய்ச் சேர்ந்தது.

வெட்டுக்கிளி வயலை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. 1762-ல் இந்தியாவிலிருந்து மைனாக்களைக் கப்பலேற்றினார்கள். ஒரு பூச்சியை ஒழிக்க இன்னொரு நாட்டுப் பிராணியைக் கொண்டுவந்து விட்டதற்கு முதல் உதாரணம் என்று பாடப்புத்தகங்களில் இந்த மைனாவைத்தான் காட்டுவார்கள். பக்கத்துத் தீவான ரீயூனியனில் நடந்ததாக பிரெஞ்சு இயற்கையியலாளர் பூஃபோன் எழுதிய கதை இன்னும் ஜோர். அங்கே வந்த மைனாக்கள் புதிதாக உழுது விதைத்த வயலில் கொத்திக்கொண்டிருந்ததைக் குடியானவர்கள் பார்த்துவிட்டார்கள். விதையைத் தின்கிறது என்று முறையீடு. சபை கூடியது, மைனாவுக்கு மரண தண்டனை விதித்தது. சில மணி நேரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. அப்புறம்தான் வெட்டுக்கிளி திரும்ப வந்தது; மைனா கொத்தியது விதையை அல்ல, மண்ணில் இருந்த பூச்சியை என்று அப்போதுதான் உறைத்தது. எட்டு வருடம் கழித்து நான்கு மைனாக்களைத் திரும்ப வரவழைத்து, சட்டப் பாதுகாப்பும் கொடுத்தார்கள். சட்டத்தை நம்ப முடியாது என்று தெரிந்த யாரோ ஒருவர், மைனாக் கறி உடம்புக்கு ஆகாது என்று வைத்தியர்களைக் கொண்டு சொல்லவைத்தார். என்னைக் கேட்டால், வனவிலங்குப் பாதுகாப்பில் இதைவிடச் சிக்கனமான திட்டத்தை இன்றுவரை யாரும் போடவில்லை.

பியேர் புவாவ்ர் என்ற நிர்வாகியைச் சொல்லாமல் போனால் பாவம். ஆங்கிலேயரின் குண்டில் ஒரு கையை இழந்தவர். மிச்சமிருந்த கையால், டச்சுக்காரர்கள் மொலுக்காத் தீவுகளில் பொத்திப் பொத்தி வைத்திருந்த கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளைக் கடத்திவர ஏற்பாடு செய்தார். அதே மனிதர் 1769-ல் காட்டுச் சட்டம் ஒன்றும் கொண்டுவந்தார்: அவரவர் நிலத்தில் நாலில் ஒரு பங்கு காடாக இருக்கவேண்டும், மலைச்சரிவில் கோடரி படக்கூடாது. காட்டை வெட்டினால் மழை குறையும் என்று அன்றைக்கே நம்பிய மனிதர். பருவநிலைக்காக உலகில் எழுதப்பட்ட ஆரம்பகாலச் சட்டங்களில் ஒன்றை ஒரு மசாலாக் கடத்தல்காரர் எழுதினார் என்பதை நமது பாடநூல் கழகம் ஏற்குமா தெரியவில்லை.

சட்டம் இருந்தது, கரும்பும் இருந்தது. 1810-ல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தபிறகு கரும்பு ஜெயித்தது. அடிமை முறை ஒழிந்ததும் 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள், அதில் தமிழர்களும் உண்டு. வந்தவர்கள் முதுகு ஒடியக் காட்டை வயலாக்கினார்கள். லாபம் லண்டனுக்கும் தோட்ட முதலாளிக்கும் போயிற்று. இன்றைக்குத் தீவில் கலப்படம் இல்லாத சொந்தக் காடு நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. மொரீஷியஸின் அரசுச் சின்னத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இடதுபக்கம் டோடோ, வலதுபக்கம் மான், இரண்டின் முன்னாலும் ஆளுக்கொரு கரும்பு. ஒன்று அழிந்துபோன உள்ளூர்க்காரர், இன்னொன்று ஜாவாவிலிருந்து வந்தவர், கரும்பும் ஜாவாச் சரக்கு. ஒரு நாட்டின் சுற்றுச்சூழல் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரைந்ததில்லை, வரைந்தவருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது என்றாலும்.

நம் ஊரில் ஒரு சாமியார் கதை உண்டு. கோவணத்தை எலி கடித்தது என்று பூனை வளர்த்தார். பூனைக்குப் பால் வேண்டும் என்று பசு வாங்கினார். பசுவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கல்யாணம் செய்துகொண்டார். மொரீஷியஸ் அரசாங்கம் அந்தச் சாமியாரின் நேர் வாரிசு. 1900-ஐ ஒட்டிப் பிளேக் நோய் வந்தது. பிளேக்குக்குக் காரணம் எலி. எலியைப் பிடிக்க இந்தியாவிலிருந்து கீரி. கீரி பகலில் வேட்டைக்குப் போகும், எலி இரவில் உலாத்தும். இரண்டும் ஷிப்டு மாறும்போது வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கலாம். பசித்த கீரி கோழியையும் காட்டுப் பறவையையும் தேடிப் போயிற்று. 1922-ல் கரும்பு வண்டுக்கு ஆப்பிரிக்கத் தேரை. தேரை பெருகியது, வண்டு அதைப் பொருட்படுத்தவில்லை. ஆப்பிரிக்க நத்தை தோட்டத்தைத் தின்கிறது என்று 1960களில் அமெரிக்காவிலிருந்து நத்தை தின்னும் நத்தையைக் கொண்டுவந்தார்கள். அது பெரிய ஆப்பிரிக்க நத்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உலகத்தில் வேறெங்கும் இல்லாத உள்ளூர்க் குட்டி நத்தைகளைச் சாப்பிட உட்கார்ந்தது.

விஞ்ஞானிகள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? 1977-ல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் உலகப் புகழ்பெற்ற ஒரு சஞ்சிகையில் எழுதினார்: தீவில் தம்பலகோக் என்றொரு மரம், 13 மரங்கள்தான் மிச்சம், எல்லாம் 300 வயதுக் கிழங்கள். டோடோ பழத்தை விழுங்கி, இரைப்பையில் கொட்டையை அரைத்து வெளியே தள்ளினால்தான் விதை முளைக்கும்; டோடோ போனது, மரமும் கூடவே போகிறது. கேட்டால் கண்ணீர் வரும். நிரூபிக்க டோடோ இல்லையே, என்ன செய்வது? வான்கோழியைப் பிடித்து 17 கொட்டைகளை வாயில் திணித்தார். ஏழு நொறுங்கின, பத்து முழுசாக வந்தன, மூன்று முளைத்தன. உலகமே கைதட்டியது. வான்கோழிக்குள் போகாத கொட்டை முளைக்குமா என்று அவர் சோதிக்கவில்லை. பிறகு வந்தவர்கள் பார்த்தபோது, அதுவும் முளைத்தது. மரங்களும் பதின்மூன்றைவிட நிறையவே இருந்தன, சின்ன வயசு மரங்கள் உட்பட. மரத்துக்கு உண்மையான தொல்லை அதே பழைய கோஷ்டிதான்: குரங்கு, பன்றி, மான், எங்கு பார்த்தாலும் மண்டிய சீனக் கொய்யா. ஆனால் சோகக் காதல் கதைக்கு இருக்கிற மவுசு கொய்யாப் புதருக்கு இல்லை. டோடோவும் தம்பலகோக்கும் இன்றைக்கும் பள்ளிப் புத்தகங்களில் கைகோர்த்துக்கொண்டு திரிகின்றன.

கிழக்கே 560 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராட்ரிகஸ் தீவில் இதற்கு நேரெதிர். காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த காஃபே மரோன் என்ற செடி அழிந்தே போயிற்று என்று எல்லோரும் எழுதி முடித்திருந்தார்கள். 1980 வாக்கில் ஒரு பள்ளி ஆசிரியர், பிள்ளைகளைச் செடி பறித்துவரச் சொன்னார். சாலையோரத்தில் ஆடு கடித்த ஒரு குச்சியிலிருந்து ஒரு பையன் கிளை ஒடித்து வந்தான். அதுதான். உலகிலேயே கடைசிச் செடி, ஒற்றை. செய்தி பரவியதும் ஊரார் அக்கறையோடு திரண்டு வந்தார்கள். செடிக்கு மருத்துவ குணம் உண்டாம், குறிப்பாக வெளியில் சொல்லக்கூடாத வியாதிகளுக்கு. இலை, கிளை, பட்டை என்று அரசு போட்ட வேலியைத் தாண்டிப் பறித்தார்கள். வேலி போட்டால் செடியின் பெருமை இன்னும் கூடியது. இன்னொரு வேலி போட்டார்கள். 1986-ல் ஒரு கொம்பை லண்டன் கியூ தோட்டத்துக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அங்கே பூத்துக் குலுங்கியது, காய்க்க மட்டும் மறுத்தது. பதினேழு வருடம் கெஞ்சியபிறகு 2003-ல்தான் கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்காரர் சூலகமுடியை வெட்டி மகரந்தத்தைத் தடவி அதைக் காய்க்க வைத்தார்.

பொறுமை என்றால் வேல்ஸ்காரர் கார்ல் ஜோன்ஸைச் சொல்லவேண்டும். 1974-ல் மொரீஷியஸ் வல்லூறு காட்டில் நாலே நாலு. முட்டையிடத் தகுதியான பெட்டை ஒன்று. காடு போனது ஒரு பக்கம், மலேரியாக் கொசுவுக்கும் பயிருக்கும் அடித்த டிடிடி மறுபக்கம், குரங்கு பாக்கிக்கு. 1979-ல் நார்மன் மயர்ஸ் என்ற பெரிய சூழலியலாளர், இந்த வல்லூறைக் கைவிட்டுவிட்டு அந்தப் பணத்தை வேறு உயிர்களுக்குச் செலவழிக்கலாம் என்ற தொனியில் புத்தகமே எழுதினார். அதே வருடம் ஜோன்ஸை அனுப்பிவைத்தார்கள், திட்டத்தைப் பூட்டுப் போட்டு வர. அவர் பூட்டவில்லை. பாறை இடுக்கில் ஏறி வல்லூறு இட்ட முட்டையைத் திருடினார். பறிகொடுத்த வல்லூறு மறுபடி முட்டையிட்டது. திருடியதை அடைகாக்கும் பெட்டியில் பொரித்தார். காட்டில் இருந்த வல்லூறுகளுக்கு வெள்ளெலி கொடுத்துத் தேற்றினார். எலி அந்தத் தீவுக்குச் செய்த ஒரே நன்மை இது. நான்கு, சில நூறாகியது. பிறகு ஏறக்குறைய பத்துக்கு வந்துவிட்ட இளஞ்சிவப்புப் புறாவையும், எண்ணிவிடக்கூடிய கிளிகளையும் இதே மாதிரி இழுத்து வந்தார்கள்.

அடுத்து செய்ததுதான் வேடிக்கை. தீவின் சொந்த ராட்சத ஆமைகளைப் பழைய மாலுமிகள் தின்று தீர்த்துவிட்டார்கள். ஆமை தின்று விதைபரப்பிய செடிகள் திண்டாடின. என்ன செய்வது? வெளிநாட்டுப் பிராணியைக் கொண்டுவரலாம்! நானூறு வருடமாகத் தீவைக் கெடுத்த அதே யோசனை. 2000-ல் தென்கிழக்குக் கரையோரம் உள்ள ஈல் ஓ எக்ரெத் என்ற 26 ஹெக்டேர் திட்டில், சேஷல்ஸின் அல்டாப்ரா ஆமைகளைத் திறந்துவிட்டார்கள். (இந்த ஆமைகளையாவது காப்பாற்றுங்கள் என்று 1874-லேயே மொரீஷியஸ் கவர்னருக்கு மனுப் போட்டவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர்.) ஆமைகள் கருங்காலிப் பழத்தைத் தின்றன, நடந்தன, வெளிக்கு இருந்தன, போன இடமெல்லாம் கருங்காலிக் கன்று முளைத்தது. கீரிக்கும் ஆமைக்கும் வித்தியாசம் ஒன்றுதான். ஆமை தப்புச் செய்தால் போய்த் தூக்கி வந்துவிடலாம்.

இத்தனையும் செய்து தீவுக்காரர்கள் நிமிர்ந்தபோது, கப்பலே ஏறாமல் அடுத்த விருந்தாளி வந்திருந்தான்: பருவநிலை மாற்றம். வல்லூறு முட்டையிடும் பருவத்தில் மழை நாட்கள் கூடிவிட்டன. மழையில் அது வேட்டைக்குப் போகாது, முட்டையிடுவதைத் தள்ளிப்போடும். தள்ளிப்போட்டால் குஞ்சு வெளிவரும் நேரம் கோடை மழையில் மாட்டும். கடல் சூடாகிப் பவளம் வெளுத்தது. எலிக்குப் பொறி வைக்கலாம், கொய்யாவை வேரோடு பிடுங்கலாம். மழைக்கு எந்த ஊரில் மனுப் போடுவது? கரியை எரிப்பவர்களில் பெரும்பாலோர் மொரீஷியஸில் இல்லை.

எண்ணெய் மட்டும் பழைய மரபுப்படி கப்பலிலேயே வந்தது. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற ஜப்பானியச் சரக்குக் கப்பல் ஈல் ஓ எக்ரெத்துக்குப் பக்கத்துப் பவளத்திட்டில் ஏறி நின்றது. புயல் இல்லை, கொள்ளையர் இல்லை. ஊரடங்குக் காலத்தில் மாதக்கணக்காகக் கடலில் கிடந்தவர்கள் வீட்டுக்குப் பேச வேண்டும். செல்போன் சிக்னல் கிடைக்கக் கரையை ஒட்டி வந்தார்கள் என்பதுதான் விசாரணையில் வெளிவந்த கதை. கப்பலில் ஒரு பிறந்தநாள் விருந்தும் நடந்ததாம். ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. ஊர்மக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்து மிதவை கட்டி எண்ணெயைத் தடுத்தார்கள். காட்டைத் தின்ற கரும்பு, திட்டைக் காப்பாற்ற வந்து நின்றது. அந்தப் பக்கத்துச் சிறு திட்டுகளிலிருந்த அபூர்வப் பல்லிகளையும் அரணைகளையும் பிடித்து ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சித் தீவு விலங்ககத்துக்கு விமானத்தில் அனுப்பினார்கள். ஊரடங்கில் நாமெல்லாம் இ-பாஸ் கிடைக்காமல் தெருமுனையில் நின்ற வருடம் அது; அரணை ஐரோப்பா போனது.

2023-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்று டோடோவையே திரும்ப உண்டாக்கிக் காட்டுகிறோம் என்று கிளம்பியது. வாடகைத் தாயாகக் கோழி. மரபணுவுக்கு, டோடோவின் சொந்தக்காரர்களில் உயிரோடு இருப்பவர்களிலேயே நெருங்கியவர். அவர் யார் என்பது 2002-லேயே டிஎன்ஏ பார்த்துத் தெரிந்த விஷயம்: நிக்கோபார் புறா. பச்சையும் செம்புமாகப் பளபளக்கிற, கழுத்தைச் சுற்றி இறகுச் சாமரம் தொங்குகிற அழகன். வருகிற டோடோவுக்கு வீடு பார்க்கப் போனால் எலி, பன்றி, குரங்கு, கீரி எல்லோரும் பேரன் பேத்தி எடுத்து அங்கேயே இருக்கிறார்கள் என்பது தனிக் கதை.

அந்தச் சொந்தக்காரர் குடியிருக்கும் ஊர்களில் ஒன்று நம் கிரேட் நிக்கோபார். 2004 சுனாமியின்போது அதன் தென்முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. கலாத்தியா விரிகுடாவில் தோணிபோல் பெருத்த தோல்முதுகு ஆமைகள் வந்து முட்டையிடும். அங்கிருந்த சரணாலயத்தை 2021-ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், சரக்குத் துறைமுகம் கட்ட. கூடவே விமான நிலையம், மின்நிலையம், புதுநகரம். 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு இதற்காகப் போகும். போகிற காட்டுக்கு ஈடாக வேறு இடத்தில் மரம் நடவேண்டும் என்பது சட்டம். சட்டத்தை மீறக்கூடாது அல்லவா? அரியானாவில் நடுவதாக ஏற்பாடு. நிக்கோபார் புறாவுக்கு நல்லவேளையாக இன்னும் பறக்கத் தெரியும். அரியானாவுக்கு எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று மட்டும் யாராவது வழி சொல்லி அனுப்பவேண்டும்.